சம்மதம் சொல்ல வந்தவர்கள்

தன்னை மறந்துவிடச் சம்மதம் என்று சொல்வதற்காக மாரிக்கனி கோவில்பட்டியிலிருந்து சென்னைக்கு வந்திருந்தாள்.

பஸ்ஸில் வரும்போதே அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "எனக்குச் சம்மதம். எம்மவ என்னைய மறந்துட்டாலும் பரவாயில்ல." முதல் தடவை சொன்னபோது பாதியில் நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். விழுப்புரம் தாண்டும்போது தடங்கல் இல்லாமல் வந்தது. கடலைமிட்டாய் கம்பெனியில் பாக்கெட் ஒட்டுகிற வேலை அவளுக்கு. ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்தால் கை மரத்துப்போகும் என்பது அவளுக்குத் தெரியும். மனசும் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மகள் சுபிக்ஷா மும்முறைத் தாண்டல்காரி. ஓடி வந்து, ஊன்றிய காலிலேயே ஒரு குதி, மறுகாலில் ஒரு எட்டு, கடைசியாக ஒரே தாண்டாகத் தாண்டி மணலில் விழும் ஆட்டம் அது. தேசத்தில் நான்காவது இடம். உலகப் போட்டிக்கு ஒரு நாட்டிலிருந்து மூன்று பேர்தான் போகலாம். நான்காவதாக இருப்பவள் வீட்டில் உட்கார்ந்து டி.வி.யில் பார்க்கலாம், போன முறை அப்படித்தான் பார்த்தாள். அவள் தாண்டும் தூரத்துக்கு எத்தனையோ நாடுகளில் முதல் இடமே கிடைக்கும். பிறந்தது கூட்டம் மிகுந்த வீட்டில். பந்தியில் இலை போதவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் மெரோவாக்காரர்கள் வந்தார்கள். மெரோவா ஒரு தீவு நாடு. வரைபடத்தின் மேல் ஈ உட்கார்ந்தால் மறைந்துபோகும். அங்கே பணத்துக்குப் பஞ்சமில்லை, தாண்டத்தான் ஆள் இல்லை. குடியுரிமை தருகிறோம், வீடு தருகிறோம், எங்கள் கொடிக்காகத் தாண்டு என்றார்கள். சுபிக்ஷாவுக்கு இருபத்தேழு வயது. முழங்கால் ஏற்கெனவே ஒரு முறை கத்தி பார்த்தாகிவிட்டது. இந்தப் போட்டியை விட்டால் அடுத்தது அவளுக்குக் கிடையாது. சரி என்றாள்.

ஆனால் விளையாட்டில் நாடு மாறுவது இப்போது லேசில்லை. முன்பெல்லாம் சில வருடங்கள் காத்திருந்தால் போதும் என்பார்கள். பிறகு ஒரு மாரத்தானில் வில்லங்கம் வந்தது. விலைக்கு வாங்கிய ஓட்டக்காரன் ஒருவன் முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தான். அவனுடைய பழைய நாட்டுக்காரன் ஒருவன் அவனைத் தாண்டிப் போய் ஜெயித்தான். ஏனடா என்று கேட்டதற்கு, கால் தானாக நின்றுவிட்டது என்றான். பெரிய மனிதர்கள் கூடிப் பேசினார்கள். காகிதத்தில் நாடு மாறினால் போதாது, மண்டைக்குள்ளும் மாற வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். மண்டைக்குள் இருப்பதை அளக்க ஒரு கருவியும், மிச்சமிருந்தால் எடுக்க ஒரு சிகிச்சையும் அதற்குள் வந்துவிட்டிருந்தன. கையில் ஒன்று கிடைத்துவிட்டால் அதை உபயோகிக்காமல் இருக்க மனிதனுக்குத் தெரியாதே! அளவுக்குப் 'பற்று' என்று பெயர் வைத்தார்கள். சிகிச்சைக்கு 'விடுவிப்பு' என்று பெயர். பெயர் வைப்பதில் மட்டும் இவர்களை யாரும் மிஞ்ச முடியாது.

"தேசிய கீதம் போட்டா உடம்பு ஒருமாதிரி சிலுக்கும்லா, அது போயிரும். அவ்வளவுதாம்மா," என்றுதான் சுபிக்ஷா முதலில் சொன்னாள். கேட்பதற்கு ஊசி போடுவதை விடச் சின்ன விஷயமாக இருந்தது. மாரிக்கனியும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் குரல் மாறியிருந்தது. "பரிசோதனையில இன்னும் பற்று இருக்குன்னு வந்துருக்கும்மா. கொடி மேல இல்லையாம். ஒரு ஆளு மேல இருக்காம். அந்த ஆளு நேர்ல வந்து சம்மதம் சொன்னாத்தான் எடுப்பாங்களாம். நெருங்குன சொந்தமும் கூட இருக்கணுமாம். நீ வந்துரும்மா. மீதிய டாக்டரு சொல்லுவாங்க." கேள்வி கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

அந்த ஆள் யாராக இருக்கும் என்று மாரிக்கனி யோசிக்கவே இல்லை. தகப்பன் இல்லாத பிள்ளை. கூடப்பிறந்தவர்கள் கிடையாது. கல்யாணமும் ஆகவில்லை. வேறு யார் இருக்கிறார்கள்? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பஸ் ஏறினாள். அவ்வளவு துக்கத்துக்கு நடுவிலும் அடிவயிற்றில் ஒரு பெருமை இருந்தது. தன் மகள் மனசைக் கருவி வைத்துத் தோண்டிப் பார்த்தார்கள். அங்கே தான் உட்கார்ந்திருந்தோம் என்ற பெருமை.

டாக்டர் வித்யாலட்சுமிக்கு மாரிக்கனி வயதுதான் இருக்கும். கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு, நாற்காலியை மாரிக்கனி பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார்.

"சுபிக்ஷா உள்ள இருக்காங்க. சிகிச்சை முடியற வரைக்கும் யாரையும் பாக்கக்கூடாது. கோச்சுக்காதீங்கம்மா."

"அதெல்லாம் இல்லம்மா. நான் சொல்லிருதேன். எங்க பாத்துச் சொல்லணும்? கேமராவா?" மாரிக்கனி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "எனக்குச் சம்மதம். எம்மவ என்னைய..."

டாக்டர் கையை உயர்த்தித் தடுத்தார். அவர் முகத்தில் ஏதோ சங்கடம் தெரிந்தது. "உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

"என்னதும்மா?"

"போன மாசம் வீட்டாளுங்க குரலைப் பதிஞ்சு அனுப்பச் சொல்லியிருந்தோம். நீங்களும் அனுப்பினீங்க. அதைப் போட்டுப் பாத்தோம். உங்க குரலுக்கு அளவு சாதாரணமாத்தான் இருந்துச்சு."

"சாதாரணம்னா?"

டாக்டர் மேசை மேலிருந்த கண்ணாடியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "நல்லாத் தெரிஞ்சவங்க குரல் கேட்டா வருமே, அந்த அளவு. போட்டி விதிப்படி அது தடையே இல்ல. நீங்க எதுக்கும் சம்மதம் சொல்ல வேண்டியதில்லம்மா. நெருங்கின சொந்தம் கட்டடத்துல இருக்கணும்னு ஒரு விதி. அதுக்காகத்தான் கூப்பிட்டோம்."

மாரிக்கனி தலையை ஆட்டினாள். புரிந்ததா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. ஏசி காற்று நேராகக் காலில் அடித்துக்கொண்டிருந்தது. காலை நகர்த்த வேண்டும் என்று தோன்றியது, ஆனால் நகர்த்தவில்லை.

"அப்ப அது யாரு?" என்றாள் கடைசியில்.

"அவங்க சின்ன வயசுல தங்கியிருந்த ஹாஸ்டல் சத்தங்களை எல்லாம் போட்டோம். மைதானம், விசில், எதுக்கும் பெரிசா ஒண்ணும் வரல. மெஸ்ல தட்டு உருள்ற சத்தம் போட்டதும் அளவு ஏறுச்சு. கூடவே ஒரு அம்மா அதட்டுறாங்க, 'தட்டுல மிச்சம் வைக்காம எந்திரிங்கட்டி'ன்னு. அந்தக் குரலுக்கு எங்க கருவி அது வரைக்கும் காட்டாத அளவைக் காட்டுச்சு. பாளையங்கோட்டை விளையாட்டு விடுதியில சமையல் பண்றவங்க. லூர்து மேரின்னு பேரு."

லூர்தம்மா. அந்தப் பெயர் மாரிக்கனிக்குத் தெரியும். பத்து வயதில் சுபிக்ஷாவை விடுதியில் சேர்த்த புதிதில் போனில் அந்தப் பெயர்தான் வரும். லூர்தம்மா பூரி போட்டாங்க. லூர்தம்மா பேன் பாத்தாங்க. விடுதியில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று மாரிக்கனி விட்டுவிட்டாள். வீட்டில் ஒரு வேளைச் சோற்றுக்கே இழுபறியாக இருந்த நாட்கள் அவை. அங்கே முட்டை போடுகிறார்கள், பால் கொடுக்கிறார்கள் என்று கேட்டு நிம்மதியாகத் தூங்கினாள். யார் கையால் கொடுக்கிறார்கள் என்று யோசிக்கவில்லை.

"ஏம்மா, லூர்தம்மா என்ன, ஒரு நாடா?" என்று கேட்டாள். கோபம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. தபால் ஆபீஸில் சந்தேகம் கேட்பது போலத்தான் குரல் வந்தது.

"மூளைக்கு இந்தியான்னா என்னன்னு தெரியாதும்மா. அவ்ளோ பெரிசை அதால வச்சுக்க முடியாது. ரெண்டு மூணு வாசனை, ஒரு குரல், உக்காந்து சாப்பிட்ட ஒரு இடம், இதைத்தான் ஊருன்னும் நாடுன்னும் எடுத்து வச்சுக்கும். உங்க பொண்ணுக்கு அந்த மெஸ்தான் நாடு. அது உள்ள இருக்கிற வரைக்கும் மெரோவாவுக்குத் தாண்ட விடமாட்டாங்க."

"எடுத்துட்டா மறந்துருவாளா?"

"ஞாபகம் எல்லாம் அப்படியே இருக்கும். பேர் தெரியும், முகம் தெரியும், என்ன சாப்பிட்டோம்னு கூடத் தெரியும். அந்த ஞாபகத்துல இருக்கிற சூடு மட்டும் இருக்காது."

"அவ ஒத்துக்கிட்டாளா?"

"அழுதாங்க. ரொம்ப நேரம் அழுதாங்க. அப்புறம் சரின்னாங்க."

பத்து வயதுக்குப் பிறகு சுபிக்ஷா அழுது மாரிக்கனி பார்த்ததில்லை. முழங்காலில் கத்தி வைத்தபோதுகூட, "ஒண்ணுமில்லம்மா, நீ போய்ப் படு" என்றுதான் சொன்னாள்.

"நீங்க கவலைப்படாதீங்க," என்றார் டாக்டர், ஆறுதல் சொல்கிற எண்ணத்தில். "உங்ககிட்ட அவங்க எப்படி இருந்தாங்களோ, அப்படியேதான் இருப்பாங்க. அதுல ஒண்ணும் மாறாது."

மாரிக்கனி அதற்கும் தலையை ஆட்டினாள்.

"இப்ப சிக்கல் என்னன்னா," என்று டாக்டர் கதவுப் பக்கம் பார்த்தார், "லூர்து மேரி அம்மா காலையிலயே வந்துட்டாங்க. ஆனா சம்மதம் சொல்ல மாட்டேங்கறாங்க. பேர் கொடுக்க நாளையோட கடைசி. நீங்க பேசிப் பாக்கறீங்களா?"

கேன்டீனில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தாள் லூர்து. அறுபது வயதிருக்கும். கனத்த உடம்பு. அடுப்படியில் நின்று நின்று கால் வீங்கி, செருப்பு வார் பிதுங்கிக்கொண்டிருந்தது. மாரிக்கனி இரண்டு டீ வாங்கிக்கொண்டு போய் எதிரே உட்கார்ந்தாள்.

"நான் சுபிக்ஷாவோட அம்மா."

லூர்து நிமிர்ந்து பார்த்தாள். சட்டென்று எழுந்திருக்கப் போனாள். திருடிப் பிடிபட்டவள் முகம் போல் அவள் முகம் ஆயிற்று.

"ஏம்மா, என்னையத் தப்பா நெனைக்காத. நான் ஒண்ணும் செய்யல. எல்லாப் பிள்ளைக்கும் போட்ட சோத்தத்தான் அவளுக்கும் போட்டேன்."

"உக்காருங்கக்கா. டீயக் குடிங்க."

"வந்த புதுசுல பாயில மூத்திரம் போயிருவா. மத்த பிள்ளைக கேலி பண்ணும். அதனால ஸ்டோர் ரூம்ல எம்பக்கத்துல படுக்கப் போட்டுக்கிட்டேன். அரிசி மூடைக்கு ஊடால. அதுவும் ஒரு வருசந்தான். பெறவு சரியாயிட்டா." லூர்து டீயைத் தொடவில்லை. "இப்பவும் பாளையங்கோட்டைக்கு வந்தா மைதானத்துக்குப் போகமாட்டா, நேரா அடுப்படிக்குத்தான் வருவா. சட்டியத் தொறந்து பாப்பா. அந்தப் பிள்ளைக்கு என் நெனப்பே தட்டாமப் போகணும்னு எவனோ ஒரு நாட்டுக்காரன் கேக்கான். சரின்னு சொல்லச் சொல்லுதாங்க. எப்படிம்மா சொல்லுவேன்?"

பாயில் மூத்திரம் போனது மாரிக்கனிக்குத் தெரியாது. அவள் மகளைப் பற்றிய விஷயம் அது. பதினேழு வருடம் கழித்து, ஆஸ்பத்திரி கேன்டீனில், வேறொருத்தி வாயால் தெரிந்துகொள்கிறாள். பாளையங்கோட்டைக்கு மகள் வந்து போனதும் தெரியாது. அங்கிருந்து கோவில்பட்டி என்ன தூரம்? ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது.

"அவளுக்கு இதான் கடைசி போட்டிக்கா," என்றாள். "முட்டி இதுக்கு மேல தாங்காதுன்னு சொல்லிட்டாங்க. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, அந்த மைதானத்துல நிக்கணும்னு சின்னப்பிள்ளையில இருந்து கெடந்து சாகுதா. நீங்க மாட்டேன்னு சொன்னா வீட்டுக்கு வந்துருவா. வந்து?"

"நீ பெத்தவ. உன்னைய விட்டுரணும்னு கேட்டா நீ சரின்னு சொல்லுவியா?"

"சொல்லத்தான் வந்தேன்." மாரிக்கனி டீ கிளாஸைத் திருப்பித் திருப்பி வைத்தாள். "பஸ்ஸுல மனப்பாடம் பண்ணிக்கிட்டே வந்தேன். என்னையக் கேக்கலக்கா. எங்கிட்ட எடுக்க ஒண்ணும் இல்லையாம்."

லூர்து மேசைக்கு மேல் கையை நீட்டி மாரிக்கனியின் மணிக்கட்டைப் பிடித்தாள். அடுப்புத் தழும்பு ஏறிய, சொரசொரப்பான கை. அந்தக் கையைத்தான் தன் மகள் பிடித்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள் என்று மாரிக்கனிக்கு உறைத்தது. உதறிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் அது இதமாக இருந்தது.

"சரி, போ. சொல்லிருதேன்," என்றாள் லூர்து. ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தாள்.

கேமரா முன்னால் லூர்து சம்மதம் சொன்னபோது மாரிக்கனி கதவோரம் நின்றாள். அவள் மனசு அழுதது என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உண்மை வேறு. அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அசிங்கமான சந்தோஷம் என்று அவளுக்கே தெரிந்தது. அதை விரட்டவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. லூர்து வெளியே போன பிறகு டாக்டரிடம் மெதுவாகக் கேட்டுவிட்டாள்.

"இவங்கள எடுத்துட்டா அந்த எடம் காலியாத்தானேம்மா இருக்கும்? அதுல வேற யாராச்சும்... பெத்தவங்க யாராச்சும்..."

டாக்டருக்குக் கேள்வி புரிந்துவிட்டது. புரியாத மாதிரி நடிக்காமல் இருந்தாரே, அந்த மட்டில் நல்ல மனுஷி.

"இல்லம்மா. காலியாவே இருக்கும். அது பத்துப் பன்னெண்டு வயசுக்குள்ள ஒரு தடவை உண்டாகிற இடம். அப்புறம் யாரையும் கொண்டுபோய் உக்கார வைக்க முடியாது. மெரோவாவைக்கூட முடியாது."

"அப்ப அவ யாருக்குத் தாண்டுவா?"

"விதியில அதைக் கேக்கலை," என்றார் டாக்டர். "பழசு இல்லைன்னா போதும்."

சிகிச்சை மத்தியானம் வரை நடந்தது. லூர்து வராந்தா பெஞ்சில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். மாரிக்கனி பக்கத்தில் உட்கார்ந்து, எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த விளையாட்டு வீரர்களின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் வேறு வேறு நாட்டுச் சட்டை போட்டுக்கொண்டு ஒரே மாதிரி சிரித்தார்கள். லூர்துவுக்குப் பசி எடுத்திருக்கும் என்று தோன்றியது. போய்த் தயிர்சாதம் வாங்கி வந்தாள். இருவரும் ஒரே பொட்டலத்தில் சாப்பிட்டார்கள்.

கதவு திறந்து டாக்டர் முதலில் வந்தார். "அளவு பூஜ்யத்துக்கு வந்துருச்சு. தகுதி கிடைச்சாச்சு," என்றார். அவருக்குப் பின்னால் சுபிக்ஷா வந்தாள். மெரோவாக்காரர்கள் கொடுத்த பச்சை ஜாக்கெட் போட்டிருந்தாள். களைப்பு தெரிந்தது. மற்றபடி நன்றாகவே இருந்தாள்.

லூர்து தடுமாறி எழுந்து நின்றாள். கை தானாகப் பாதி நீண்டு, பிறகு அப்படியே நின்றது.

"வாங்க லூர்தம்மா," என்றாள் சுபிக்ஷா. "எப்ப வந்தீங்க? சாப்டீங்களா? கால் வீக்கம் எப்படி இருக்கு, மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போடுதீங்களா?" எதையும் மறக்கவில்லை. ஒவ்வொன்றையும் அன்பாகத்தான் கேட்டாள். பதில் முடியும் வரை நின்று கேட்டாள். கேட்டுக்கொண்டே வராந்தாக் கோடியில் காத்திருந்த காரை ஒரு முறை பார்த்தாள். "இவ்வளவு தூரம் எதுக்கு அலைஞ்சீங்க? பாத்துப் பத்திரமாப் போங்க. போய்ட்டு போன் பண்ணுதேன், என்ன?" பிறகு அம்மா பக்கம் திரும்பி, "நீயும் ரெஸ்ட் எடும்மா," என்றாள். இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்க் காரில் ஏறிக்கொண்டாள்.

கார் கேட்டைத் தாண்டிப் போயிற்று. லூர்து பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"நல்லாத்தானம்மா பேசுனா," என்றாள். "எல்லாந்தான் கேட்டா. ஒரு கொறையும் சொல்ல முடியாது. ஆனா எனக்கு ஏன் இப்படி இருக்கு? என்னமோ இல்லையே... என்ன இல்லன்னு சொல்லத் தெரியலையே எனக்கு!"

மாரிக்கனிக்குத் தெரிந்திருந்தது. அந்த விசாரிப்பு, அந்தப் பொறுமை, பேச்சுக்கு நடுவே வேறு பக்கம் போகும் கண், கடைசியில் அந்தச் சிரிப்பு. எல்லாவற்றையும் அவள் பல வருடமாக வாங்கிக்கொண்டிருக்கிறாள். மகள் இப்படித்தான், அழுத்தமான பிள்ளை, யாரிடமும் இப்படித்தான் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அழுகை வரவில்லை. லூர்துவின் முதுகில் கையை வைத்து மெதுவாகத் தடவிக்கொடுத்தாள்.

"ஞாயித்துக்கெழமை ஆனா போன் பண்ணுவா," என்றாள். "எல்லாம் விசாரிப்பா. நல்லாத்தான் பேசுவா. மொதல்லதான் ஒருமாதிரி இருக்கும். பழகிரும்க்கா."